துப்பாக்கியில் தனியாக வாங்கி மாட்டிய ட்ரிக்கருக்கு, அதாவது விசைக்கு, எண்ணெய் விடலாமா?

பொதுவாக வேண்டாம். துப்பாக்கியோடு வந்ததைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவனம் செய்ததை வாங்கி மாட்டுவதைத்தான் ஆஃப்டர்மார்க்கெட் ட்ரிக்கர் என்கிறார்கள். அமெரிக்காவில் ரெமிங்டன் 700 வேட்டை ரைஃபிளுக்கு இப்படி மாற்றுவது சாதாரணம்.

உள்ளே சியர் என்றொரு சின்ன எஃகுத் துண்டு இருக்கும். சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அது பிடிக்கும் விளிம்பு மயிரிழை அளவு. அங்கே எண்ணெய் விட்டால் தூசியும் வெடிமருந்துக் கரியும் ஒட்டிப் பசையாகிவிடும். பனிக்குளிரில் இன்னும் இறுகும். சியர் தன் இடத்துக்கு முழுசாகத் திரும்பாவிட்டால், விசையைத் தொடாமலே வெடிக்கலாம். நம் வீட்டுத் தையல் மெஷினில் தேங்காய் எண்ணெய் விட்டால் பஞ்சும் பிசுக்கும் சேர்ந்து இறுகிப்போகுமே, அதே கதை.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது? குண்டுகளை எடுத்துவிட்டு, குண்டு உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தால் அலசி, நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலானவற்றுக்குப் போதும். தயாரிப்பாளரின் கையேடு வேறு சொன்னால் அதையே கேளுங்கள். அப்புறம் காலித் துப்பாக்கியில் சேஃப்டியை, அதாவது சுடாமல் தடுக்கும் பூட்டை, போட்டு விசையை இழுங்கள். விரலை எடுத்துவிட்டு சேஃப்டியைத் திறங்கள். ஊசி அப்போது பாய்ந்தால் அது பழுது, நேரே துப்பாக்கி மெக்கானிக்கிடம்.

விசை கனமாகத் தெரிந்தால் அதன் திருகைத் தளர்த்துவதுதான் பராமரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படி அல்ல. பெரும்பாலும் உள்ளே இருப்பது அழுக்குதான்.