படம் உடைகிறதா? முதலில் ரிமோட்டைக் கீழே வையுங்கள்: ஃப்ரீவியூ கேள்வி-பதில்

பிரிட்டனில் ஆன்டெனா வழியாக இலவசமாக வரும் ஃப்ரீவியூ டிவி பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, "டிவி சரியாக வரவில்லை, என்ன செய்யலாம்?" என்ற ஒற்றை வரிதான். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது போல. அஞ்சல் குறியீட்டின் முதல் பாதி, ஆன்டெனா இருக்கும் இடம், நடுவில் (சிக்னலைப் பெருக்கும்) பூஸ்டரோ (பல டிவிகளுக்குப் பிரிக்கும்) ஸ்பிளிட்டரோ உண்டா, எந்தெந்த சேனல்கள் போகின்றன: இந்த நான்கும் இல்லாமல் எழுதாதீர்கள்.

கே: புது டிவியில் மேனுவல் ட்யூனிங் செய்யப் பார்க்கிறேன். லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்தின் சேனல் எண்கள் என்ன? (ஹாரோ)

ப: 23, 26, 30 மூன்றும் பொதுச் சேவை மல்டிபிளெக்ஸ்கள் (ஒரே அலைவரிசையில் பல சேனல்களைச் சேர்த்து அனுப்பும் தொகுப்புகள்). பிபிசி, ஐடிவி, சேனல் 4, எச்டி எல்லாம் இவற்றுக்குள். 25, 22, 28 மூன்றும் வணிக மல்டிபிளெக்ஸ்கள். ஆறுமே 200 கிலோவாட். டிவி எண்ணைக் கேட்காமல் மெகாஹெர்ட்ஸ் கேட்டால், எண்ணை 8-ஆல் பெருக்கி 306-ஐக் கூட்டுங்கள். 23-க்கு 490 வரும். எச்டி உள்ள 30-க்கு மட்டும் டிவிபி-டி2 (எச்டிக்கான ஒளிபரப்பு முறை) என்று மாற்ற மறக்காதீர்கள். ஹாரோ கோபுரத்திலிருந்து சுமார் 15 மைல், திசை தென்கிழக்கு. முனையில் சிவப்பு மூடி உள்ள சாதாரண ஏ-குரூப் (தாழ்ந்த எண்களுக்கான) ஆன்டெனா தாராளம்.

கே: நல்ல வெயில் நாட்களில், மாலையானால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ரீட்யூன் (சேனல்களை மறுபடி தேடுவது) செய்தேன், பத்துப் பதினைந்து சேனல்களைக் காணோம். மறுபடி செய்தேன், இன்னும் குறைந்துவிட்டது. (மில்டன் கீன்ஸ்)

ப: மூன்றாவது முறையும் செய்திருப்பீர்கள், எழுதக் கூச்சப்பட்டிருப்பீர்கள். படம் உடையும் நேரத்தில் ரீட்யூன் செய்யவே செய்யாதீர்கள். இதை எத்தனை முறைதான் எழுதுவது!

நடப்பது இதுதான். காற்றழுத்தம் உயர்ந்து, காற்று அசையாமல் நிற்கும் நாட்களில், தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று போர்வை போல் படிந்துவிடும். வழக்கமாக வானத்துக்குப் போய்விடும் அலைகள் அந்த எல்லையில் வளைந்து, நூற்றுக்கணக்கான மைல் தாண்டித் தரைக்குத் திரும்பும். ஐரோப்பியக் கரையிலுள்ள கோபுரங்களும் அதே எண்களில்தான் ஒளிபரப்புகின்றன. அவற்றின் சிக்னல் உங்கள் சிக்னலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆன்டெனாவில் கோளாறில்லை, டிவியிலும் கோளாறில்லை. வானிலை மாறினால் தானாகச் சரியாகும். சில மணி நேரம், மிஞ்சினால் சில நாட்கள்.

அந்த நேரத்தில் ரீட்யூன் செய்தால், டிவி தன் பட்டியலை அழித்துவிட்டு அப்போது கிடைப்பதை மட்டும் எழுதிக்கொள்கிறது. இப்போது செய்யவேண்டியது: வானிலை தெளிந்தபின், ஒரு நாள் காலையில், ஒரே ஒரு முறை ரீட்யூன். வீடு மாறினால், டிவி மாறினால், அலைவரிசை மாற்றம் என்று அறிவிப்பு வந்தால் செய்யலாம். லண்டனில் 2012 ஏப்ரலில் அனலாக் நின்றபோது அப்படி ஒரு அவசியம் இருந்தது. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை மொபைலுக்காகக் காலி செய்து 2020-இல் முடித்தார்களே, அந்த வேலையின்போது நாட்டின் பல பகுதிகளுக்கு இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை சீரியலின் நடுவில் அப்படி ஓர் அவசியம் வராது.

கே: லண்டன் செய்திக்குப் பதில் தெற்குப் பகுதிச் செய்தி வருகிறது. (ஸ்லவ்)

ப: உங்களுக்குக் கிழக்கே கிரிஸ்டல் பேலஸ், மேற்கே ஹானிங்டன் கோபுரம். இரண்டும் எட்டுகின்றன, டிவி ஒன்றை ரிமோட்டின் 1-ஆம், 101-ஆம் எண்களில் போட்டுவிட்டு மற்றதை 800-க்கு மேல் தள்ளிவிடும். அங்கே தேடிப் பாருங்கள், லண்டன் உட்கார்ந்திருக்கும். நிரந்தரமாக மாற்ற: சில டிவிகள் ஸ்கேன் முடிந்ததும் பகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். கேட்காவிட்டால், ஆட்டோ ட்யூனிங் தொடங்கி, திரையில் 31-ஆம் எண் வந்ததும் ஆன்டெனா கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். கிரிஸ்டல் பேலஸின் ஆறும் 22-க்கும் 30-க்கும் நடுவில். ஹானிங்டன் 40-ஐ ஒட்டிய எண்களில். ஸ்கேன் முடிந்ததும் கேபிளைத் திரும்பச் செருகுங்கள். திரை எண்ணைக் காட்டாமல் சதவீதம் காட்டினால், மூன்றில் ஒரு பங்கு தாண்டியதும் பிடுங்கலாம். ஆன்டெனா மேற்கே பார்த்து நின்றால் மட்டும் இந்தத் தந்திரம் பலிக்காது, அதைத் திருப்பியாக வேண்டும்.

கே: "4கே, 5ஜி எச்டி ஆன்டெனா, 200 மைல் தூரம், பூஸ்டருடன்" என்று போட்டிருந்ததை வாங்கினேன். டிவி பின்னால் வைத்திருக்கிறேன். பலம் 90 காட்டுகிறது, ஆனாலும் படம் உடைகிறது. இன்னும் பெரிய பூஸ்டர் வாங்கலாமா? (ஈஸ்ட் ஹாம்)

ப: வேண்டாம்.

அந்த அட்டைப்பெட்டியிலுள்ள ஒவ்வொரு சொல்லும் ஒரு பொய். எச்டி ஆன்டெனா என்று ஒன்று கிடையாது. அலுமினியக் கம்பிக்கு வருவது எச்டியா சாதாரணமா என்று தெரியாது. 4கே இங்கே கோபுரத்திலிருந்து ஒளிபரப்பாவதில்லை. 5ஜியை ஆன்டெனா பிடித்தால் அது பெருமையில்லை, தொல்லை. 200 மைலுக்கு வருவோம். கிரிஸ்டல் பேலஸ் கோபுரம் 219 மீட்டர். அது நிற்கும் மேட்டையும் சேர்த்தால் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேல். அந்த உயரத்திலிருந்து அடிவானம் சுமார் 45 மைல். அதற்கு அப்பால் பூமியே குறுக்கே நிற்கிறது. பூமியின் வளைவை எந்தப் பூஸ்டராலும் நிமிர்த்த முடியாது. போகட்டும், நீங்கள் இருப்பது வெறும் 10 மைலில்.

பூஸ்டர் சிக்னலை உண்டாக்குவதில்லை. உள்ளே வந்ததைப் பெருக்குகிறது. அதில் இரைச்சல் கலந்திருந்தால் அதையும் அதே அளவு பெருக்குகிறது. போதாததற்குத் தன் பங்குக்கு 3, 4 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) இரைச்சலையும் சேர்க்கிறது. மோரில் தண்ணீர் அதிகமாகிவிட்டதென்று பெரிய பாத்திரத்துக்கு மாற்றினால் மோர் கெட்டியாகிவிடுமா? டிவி மெனுவில் பலம், தரம் என்று இரண்டு அளவு காட்டும். பலம் 90 என்று எழுதிய நீங்கள், தரம் எத்தனை என்று எழுதவில்லை. பார்க்கவேண்டியதே அதைத்தான். பலம் 50, தரம் 100 என்றால் படம் கண்ணாடி மாதிரி வரும். பலம் 90, தரம் 40 என்றால் இப்போது உங்கள் வீட்டில் வருவது போலத்தான் வரும்.

பூஸ்டருக்கு நியாயமான வேலை ஒன்றே ஒன்று: கேபிளிலும் ஸ்பிளிட்டரிலும் பின்னால் வரப்போகும் இழப்பை முன்கூட்டியே ஈடுகட்டுவது. அதனால் அதன் இடம் ஆன்டெனா கம்பத்தின் உச்சி, சிக்னல் இன்னும் சுத்தமாக இருக்கும்போதே. நல்ல கேபிளில் 5 மீட்டருக்கு 1 டெசிபல் போகும். நான்கு வழி ஸ்பிளிட்டரில் சுமார் 8. 20 மீட்டர் கேபிளும் ஸ்பிளிட்டரும் என்றால் மொத்தம் 12. அதற்கு 12-ஐ ஒட்டிய பூஸ்டர் போதும். கடையில் 30 டெசிபல் இருக்கிறதே என்று வாங்குகிறவர்கள்தான் அடுத்த மாதம் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

உங்களுக்கு: டிவி பின்னால் இருக்கும் ஆன்டெனா, கூரையில் இருப்பதைவிட 20 டெசிபல் குறைவாகப் பிடிக்கும், அதாவது நூறில் ஒரு பங்கு. கூரையில் பழைய ஆன்டெனா இருந்தால் (உங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இருக்கும்) அதன் கேபிளைத் தேடிப் பிடியுங்கள். இல்லையென்றால், இப்போது வைத்திருப்பதை மாடி அறையின் தென்மேற்கு ஜன்னலோரம் கொண்டுபோங்கள், பூஸ்டர் இணைப்பைக் கழற்றுங்கள், அரை அடி அரை அடியாக நகர்த்தி, தரம் என்ற எண்ணை மட்டும் பாருங்கள். பலத்தைப் பார்க்காதீர்கள். கூரை வேலைக்கு ஆள் வையுங்கள். நீங்களே ஏணியில் ஏறாதீர்கள்.

கே: மாடி ஜன்னலிலிருந்து கோபுரமே தெரிகிறது. பலம் 100, ஆனால் சேனலே வரவில்லை. (ஸ்ட்ரெதம்)

ப: தெரிவதுதான் பிரச்சினை. இரண்டரை மைலில் இருக்கிறீர்கள். ட்யூனர் மூச்சுத் திணறுகிறது. முந்தைய குடியிருப்பாளர் வைத்த பூஸ்டர் எங்காவது இருக்கும், அலமாரிக்குப் பின்னாலோ லாஃப்டிலோ (கூரைக்கு அடியிலுள்ள பரண்). அதைக் கழற்றுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், சிக்னலைக் குறைக்கும், திருகி அளவு மாற்றும் அட்டெனுயேட்டர் ஒன்றை டிவி பின்னால் செருகி, தரம் ஏறும்வரை குறைத்துக்கொண்டே போங்கள். சில பவுண்டுகளில் முடியும். சுவர் சாக்கெட்டில் சிக்னல் அளவு 45 முதல் 65 டெசிபல் மைக்ரோவோல்ட் இருந்தால் போதும். அதிகம் கிடைத்தால் அதிக நல்லது என்பது சம்பளத்துக்குத்தான் பொருந்தும்.

கே: நான்கு அறைகளிலும் டிவி. நேற்று வரை நன்றாக வந்தது, இன்று எதிலும் இல்லை. பெட்டிகளை இடம் மாற்றினோம், அவ்வளவுதான். (இல்ஃபோர்ட்)

ப: பெட்டிகளை இடம் மாற்றியபோது யாரோ ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். கம்பத்து பூஸ்டருக்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் மேலே போகிறது, பெரும்பாலும் 12 வோல்ட். அதன் சின்ன பவர் யூனிட், "இது எதற்கு இங்கே?" என்று கேட்க வைக்கும் இடத்தில்தான் எப்போதும் இருக்கும். மின்சாரம் இல்லாத பூஸ்டர் சிக்னலை ஏறக்குறைய முழுதாக அடைத்துவிடும். பவர் யூனிட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஸ்பிளிட்டர் வைத்திருந்தால், மின்சாரத்தைக் கடத்தும் வழியில்தான் அந்தக் கேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்படித் திடீரென்று போகாமல், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் அது வேறு நோய். ஆன்டெனா இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, கேபிளின் பின்னல் செம்பு பச்சை பிடித்துக் கறுத்திருக்கும். காய வைத்துப் பயனில்லை, கேபிளையே மாற்றுங்கள். பின்னலும் தாளும் இரண்டுமே செம்பாக உள்ள 100 ரகக் கேபிள், திருகும் எஃப் கனெக்டர். பழைய பழுப்புக் கேபிளை, நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவைக்காதீர்கள்.

கே: பக்கத்துத் தெருவில் வரும் பல சேனல்கள் எங்களுக்கு வருவதில்லை. ஏன்?

ப: எந்தத் தெரு, எந்த ஊர்? ஊர் பெயர் இல்லை, டிவி மாடல் இல்லை, கையெழுத்து மட்டும் அழகாக இருக்கிறது. ஊகித்துச் சொல்கிறேன். வெளியே போய் உங்கள் ஆன்டெனாவைப் பாருங்கள். கம்பிகள் தரைக்குச் செங்குத்தாக நின்றால் நீங்கள் ஒரு சிறு துணைக் கோபுரத்தைப் பிடிக்கிறீர்கள். அவற்றில் பெரும்பாலானவை மூன்று பொதுச் சேவை மல்டிபிளெக்ஸ்களை மட்டும்தான் அனுப்பும். வணிகச் சேனல்கள் அங்கே கிடையவே கிடையாது, நூறு முறை ரீட்யூன் செய்தாலும். பக்கத்துத் தெரு ஆன்டெனா படுக்கைவசமாகப் பெரிய கோபுரத்தைப் பார்த்திருக்கும். நடுவில் மேடு இல்லையென்றால் உங்களுடையதையும் அப்படி மாற்றலாம். (ஐல் ஆஃப் வைட்டின் ரோரிட்ஜ் மட்டும் இரண்டு வகையிலும் அனுப்புகிறது. அங்கிருந்து எழுதியிருந்தால் என்னை மன்னியுங்கள், ஊர் பெயரைப் போடாததற்கு உங்களை நான் மன்னித்ததுபோல.)

கே: 4ஜி ஃபில்டர் ஏற்கெனவே இருக்கிறது. எதிரே 5ஜி கம்பம் வந்தபின் படம் உடைகிறது. (கோவென்ட்ரி)

ப: மொபைல் சிக்னலைத் தடுக்கும் உங்கள் பழைய ஃபில்டர் 790 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் அடைக்கும். இப்போது டிவியின் எல்லை 48-ஆம் எண்ணோடு, 694-இல் முடிகிறது. அதற்கு மேல் மொபைல். 694-இல் வெட்டும் ஃபில்டராக மாற்றுங்கள். பூஸ்டர் இருந்தால் ஃபில்டர் அதற்கு முன்னால், ஆன்டெனா பக்கம் வரவேண்டும். டிவி பின்னால் மாட்டிவிட்டு மாற்றமே இல்லை என்று எழுதாதீர்கள். பூஸ்டருக்குள் ஏற்கெனவே கலந்ததைப் பின்னால் பிரிக்க முடியாது. சட்டன் கோல்ட்ஃபீல்டு கோபுரம் 39 முதல் 46 வரை என்பதால் உங்களுக்கு இது லண்டனைவிட முக்கியம். மொபைல் நிறுவனங்களின் செலவில் இயங்கும் ரெஸ்டோர் டிவி அமைப்பிடம் முதலில் கேளுங்கள்.

கே: லாஃப்டில் ஆன்டெனா வைக்கலாமா? (ரெய்ன்ஸ் பார்க்)

ப: ஓட்டுக் கூரை, கோபுரம் அருகில் என்றால் வைக்கலாம், 6 முதல் 10 டெசிபல் இழப்பீர்கள், மழை நாளில் இன்னும் கொஞ்சம். கூரையின் உட்புறம் வெள்ளித்தாள் ஒட்டிய இன்சுலேஷன் போட்டிருந்தால் மறந்துவிடுங்கள்.

கே: 101 முதல் எச்டி சேனல்கள் ஒன்றுமே இல்லை, மற்றவை எல்லாம் வருகின்றன. (டூட்டிங்)

ப: டிவியில் டிவிபி-டி2 ட்யூனர் இல்லை. ஃப்ரீவியூ எச்டி முத்திரை உள்ள பெட்டி ஒன்று வாங்குங்கள்.

கே: ஃப்ரீவியூவை நிறுத்தப்போகிறார்களாமே? இப்போது ஆன்டெனாவுக்குச் செலவு செய்யலாமா? (லெஸ்டர்)

ப: 2034 வரை தொடரும் என்பது அரசின் உறுதி. கூரை ஆன்டெனா அதற்குள் போட்ட காசை எடுத்துவிடும்.

கே: ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு இணையத்தில் மட்டும் பார்த்தால் டிவி லைசென்ஸ் வேண்டாமல்லவா? (சர்பிட்டன்)

ப: எந்தச் சேனலையும் நேரலையில் பார்த்தால் வேண்டும், பிபிசி ஐபிளேயரை எப்போது பார்த்தாலும் வேண்டும். ஆன்டெனாவுக்கும் லைசென்சுக்கும் சம்பந்தமில்லை.

கே: ஸ்ட்ரீமிங் குச்சியைச் செருகினால் சில சேனல்கள் மட்டும் உடைகின்றன. எடுத்துவிட்டால் சரியாகிறது. (வெம்பிளி)

ப: கேள்வி கேட்டால் இப்படிக் கேட்கவேண்டும். குச்சியும் எச்டிஎம்ஐ கேபிளும் டிவி சிக்னல் வரும் யுஎச்எஃப் பகுதியில் இரைச்சல் கசியவிடுகின்றன. சுவரிலிருந்து டிவிக்கு வரும் இலவச வெள்ளைக் கேபிள் அதை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஒரு மீட்டரை இரட்டைக் கவசக் கேபிளாக மாற்றுங்கள், குச்சியை ஒரு நீட்டிப்பு வயரில் ஆன்டெனா சாக்கெட்டிலிருந்து தள்ளித் தொங்கவிடுங்கள். ரீட்யூன் செய்யாதீர்கள்.