நீங்கள் இப்போது எங்கே வசிக்கிறீர்கள்? எங்கே வசிக்க விரும்புகிறீர்கள்?

இப்போது வசிப்பது சென்னை வேளச்சேரியில். வசிக்க விரும்புவது திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சியில். இரண்டு ஊர்களையும் நான் தண்ணீரை வைத்தே எடை போடுகிறேன் என்பதால், பதில் சற்று நீளமாகவே இருக்கும்.

வேளச்சேரியில் பறக்கும் ரயில் நிலையம் திறந்த மறு ஆண்டு, அதாவது 2008இல், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வீடு வாங்கினேன். ரயில் வந்துவிட்டது, இனி விலை ஏறத்தான் செய்யும் என்றார் தரகர். அவர் சொன்னபடியே ஏறியது. கீழ்த்தளத்தைவிட இரண்டாம் மாடிக்கு எதற்காக அவ்வளவு கூடுதல் விலை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. 2015 டிசம்பரில் விளங்கியது. கீழ்வீட்டில் கட்டிலுக்கு மேல் தண்ணீர் ஏறிய இரவு, அந்தக் குடும்பத்தார் ஐந்து பேரும் எங்கள் கூடத்துக்கு வந்து நான்கு நாள் தங்கினார்கள். அந்த வீட்டுப் பாட்டியம்மா மற்ற எதையும் எடுக்காமல், ஊறுகாய் ஜாடியை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அதே வீட்டில்தான் 2019 கோடையையும் கழித்தோம். ஆழ்துளைக் கிணறு காற்றை மட்டும் இழுத்தது. லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தோம். லாரி வந்து சம்ப்பில் குழாயை இறக்கும் சத்தம் கேட்டால், நள்ளிரவானாலும் யாராவது ஒருவர் இறங்கிப் போய் மூடியைத் திறந்து டார்ச் அடித்து அளவு பார்ப்போம். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது அந்த ஆண்டு ஜூலையில்தான். நான்கே ஆண்டு இடைவெளியில் ஒரே சம்ப் ஒருமுறை வெள்ளத்தில் மூழ்கியும், ஒருமுறை அடிமண் தெரிய வறண்டும் கிடந்தது.

இதற்கு மழையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தென்சென்னையின் ஏரிகளில் நிரம்பி வழிவதெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்தில் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட பரப்பு சுமார் 1,250 ஹெக்டேர். சுற்றிலும் இருந்த எஞ்சிய பகுதியில் பெரும்பாலானவற்றின் மேல் சாலைகளும், குப்பை மேடும், மென்பொருள் நிறுவனங்களும், என்னைப் போன்றவர்களின் வீடுகளும் நிற்கின்றன. கனமழை எச்சரிக்கை வந்தால் இப்போதெல்லாம் எங்கள் பகுதியினர் முதலில் செய்வது, காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் ஓரமாக நிறுத்திவிட்டு வருவதுதான். பழைய காலத்து மக்களுக்கு மேடு எது, பள்ளம் எது என்று தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரே மேடு அந்தப் பாலம்.

கல்லிடைக்குறிச்சி என் அம்மா பிறந்த ஊர். உள்ளூரில் கல்லிடை என்றே சொல்வார்கள். தாமிரபரணியின் தென்கரையில் கல்லிடை, வடகரையில் அம்பை என்று அழைக்கப்படும் அம்பாசமுத்திரம், நடுவே ஒரு பாலம். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் கலக்கும் இந்த ஆறு 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் இதற்கு உண்டு என்பதால், தமிழ்நாட்டின் பிற ஆறுகள் மணலாகக் கிடக்கும் மாதங்களிலும் இதில் நீரோட்டம் இருக்கிறது. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய்தான் கல்லிடை வயல்களுக்கெல்லாம் தாய்.

சிறுவயதில் முழு ஆண்டு விடுமுறைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிப் போவோம். கார் என்னும் முதல் போக நெல் சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில்தான் வழக்கமாகத் தண்ணீர் திறப்பார்கள் என்பதால், விடுமுறை நாள்களில் பெரும்பாலும் வாய்க்கால் காய்ந்தே கிடக்கும். நாங்கள் ஊர் திரும்பப் பெட்டி கட்டும் நேரத்தில் தண்ணீர் வரும். முதல் நாள் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, ஒரு ஆள் நடக்கும் வேகத்தில் மெதுவாக வரும். அதன் முன்னால் நாங்கள் பின்பக்கமாக நடந்துகொண்டே போவோம். இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும். படித்துறையின் கடைசிக் கல்லில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் மீன் குஞ்சுகள் விரலிடுக்கில் வந்து கொத்தும். எதிர்ப்பக்கத்தில், பிரண்டைச் சாறு விட்டுப் பிசைந்த அப்பளங்களைப் பாயில் காய வைத்துக்கொண்டே, கல்லிடை அப்பளத்தின் ருசிக்கு ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று ஆச்சி சொல்வார். இதை ஆராய்ச்சி செய்து பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை.

அந்த ஊரை நான் சொர்க்கமாக்கிக் காட்டவில்லை. 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் வேளச்சேரி மூழ்கியபோது, பேசாமல் கல்லிடைக்குப் போய்விடலாம் என்று வீட்டில் சொன்னேன். இரண்டே வாரத்தில், 17, 18 தேதிகளில், அந்தப் பக்கம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. நெல்லையில் பேருந்து நிலையமே குளமானது. என் மனைவி தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் கல்லிடையிலிருந்து திருநெல்வேலிக்கு ஓட வேண்டும். மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுப் படிப்பு பாக்கி. இந்தக் காரணங்களையெல்லாம் சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் ஓடிவிட்டன. 1982இல் கல்லிடைக் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து திருட்டுப்போன நடராசர்கூட ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு வரை போய், ஓர் அருங்காட்சியகத்தில் நின்றுவிட்டு, 2019இல் திரும்பி வந்துவிட்டார். எனக்குத்தான் விடுப்பு கிடைக்கவில்லை.

எனினும் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை துணிந்து இடம் பார்க்கப் போனேன். ஊருக்குச் சற்று வெளியே, வாய்க்காலை ஒட்டி ஐந்து சென்ட் மனை. மஞ்சள் வண்ணம் பூசிய எல்லைக் கற்கள், செம்மண் போட்ட இருபது அடிச் சாலை, நுழைவாயிலில் கொடிகள். காலையில் எழுந்தால் பொதிகை மலை தெரியும் என்றார் தரகர். உண்மையிலேயே தெரிந்தது. முன்பணம் கொடுக்கும் முன் மாமாவை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் மலையைப் பார்க்கவில்லை. குனிந்து, செம்மண்ணைச் செருப்பால் விலக்கி, அடியில் இருந்த கரிய மண்ணைப் பார்த்தார்.

"இது நஞ்சைல்லா மருமவனே. பிசானத்துல முழங்கால் தண்ணி நிக்கும். கல்லு ஊனிட்டா தண்ணி வேற எடம் பாத்துப் போயிருமா?"

பிசானம் என்பது காருக்கு அடுத்து வரும் இரண்டாம் போகம். அங்கே நின்றபோதுதான், 2008இல் வேளச்சேரியில் நான் பார்க்கத் தவறியது இதைத்தான் என்று உறைத்தது. அப்போது செம்மண்ணை விலக்கிக் காட்ட என்னுடன் ஒரு மாமா வரவில்லை. தண்ணீருக்கு அருகில் வாழும் ஆசையில், தண்ணீர் நிற்க வேண்டிய இடத்திலேயே இரண்டாம் முறையாக வீடு கட்ட இருந்தேன். முன்பணத்தைக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். தரகருக்கு என்மேல் வருத்தம். இரண்டு நாள் பெட்ரோல் செலவு அவருடையது.

ஆகவே என் விருப்பத்தைத் திருத்திச் சொல்கிறேன்: கல்லிடையில் ஏதோ ஓரிடத்தில் அல்ல, ஊர் நடுவே மேட்டுத் தெருவில் உள்ள ஆச்சியின் பழைய வீட்டில். ஓட்டுக்கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகும், முற்றத்தில் மழை நேராகவே விழும். ஆனாலும் 2023 டிசம்பரில் வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வரவில்லை. பட்டாவில் நான்கு பேர் பங்கு இருக்கிறது. மூன்று பேர் சம்மதித்துவிட்டார்கள். துபாயில் இருக்கும் சித்தி மகன், வருகிற பொங்கலுக்கு ஊர் வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறான்.