அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிகிச்சையும் சாவுச் செய்தியும்: கேள்வி பதில்

கவிதா: மயக்க மருந்தே இல்லாமலா சார் காலை எடுத்தார்கள்?

இல்லைம்மா. அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய 1861–65 போரில் பெரும்பாலும் குளோரோஃபார்ம் அல்லது ஈதர் கொடுத்துத்தான் அறுத்தார்கள். துணியைக் கூம்பாகச் சுருட்டிச் சில சொட்டு விட்டு, காற்றும் கலக்கும்படி மூக்கிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிப்பார்கள். உடல் தளர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் மூச்சே நின்றுபோகும். அரை மயக்கத்தில் ஆள் முனகுவான், திமிறுவான். அதைப் பார்த்தவர்கள் சொன்னதில்தான் அலறல் கதைகள் கிளம்பின.

முருகேசன்: எடுத்ததற்கெல்லாம் காலை வெட்டியது அவசரப் புத்திதானே?

அப்படிச் சொல்வது அநியாயம். அந்தப் போரில் துப்பாக்கியில் போட்ட மினியே குண்டு மெத்தென்ற ஈயம். பட்டதும் சப்பையாகி எலும்பைச் சில்லுச் சில்லாக உடைக்கும். சட்டைத் துணியையும் அழுக்கையும் உள்ளே கொண்டுபோகும். 48 மணி நேரத்துக்குள் காலை எடுத்தால் பிழைக்க வழியுண்டு. சீழ் பிடித்தபின் எடுத்தால் சாவு கூடும்.

திருகுக் கட்டால் ரத்தத்தை நிறுத்தி, தோலையும் தசையையும் வெட்டி, கிழித்த துணியால் சதையை மேலே இழுத்துப் பிடித்து எலும்பை ரம்பத்தால் அறுப்பார்கள். ரத்தக்குழாய்களைப் பட்டு நூலால் கட்டி, நூல் நுனியை வெளியே நீளமாக விடுவார்கள். குழாய் முனை அழுகி நூல் கழலும்வரை தினமும் மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். அங்கேதான் கண்டம்: கழலும்போது ரத்தம் பீறிட்டால் ஆள் தேறுவது கடினம்.

காயம்பட்டவர்களை உண்மையில் கொன்றது கடற்பஞ்சு. ஒருவன் காயத்தைத் துடைத்ததையே வாளியில் பிழிந்து அடுத்தவனுக்கும் துடைத்தார்கள். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் லிஸ்டர் தன் கிருமிநாசினி முறையை வெளியிட்டதே 1867இல். தெற்கில் பட்டு நூல் கிடைக்காமல் குதிரை முடியை, வளைந்துகொடுக்கட்டும் என்று, வேகவைத்துத் தைத்தார்கள். அந்தக் காயங்கள் குறைவாகச் சீழ் பிடித்தன. வேகவைத்ததில் கிருமி செத்ததுதான் காரணம் என்று அன்று யாருக்கும் புரியவில்லை.

ஷாகுல்: நோயில் செத்தவர்களா அதிகம்?

ஆமாம், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. சீதபேதி, டைபாய்டு. பேதிக்காரனுக்கே கலோமல் என்ற, பேதியாக்கும் பாதரச மருந்தைக் கொடுத்தார்கள். ஈறு அழுகிப் பல் கொட்டியது. வடக்குப் படையின் தலைமை மருத்துவர் ஹேமண்ட் 1863இல் அதை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்க, மருத்துவர்களே எதிர்த்தார்கள்.

தேவி: வீட்டுக்கு எப்படித் தெரியவரும்?

பல வீடுகளுக்குத் தெரியவே இல்லை. அரசு அடையாள வில்லை தரவில்லை. பெயரெழுதிய காகிதத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. கெட்டிஸ்பர்க் சண்டையில் இறந்துகிடந்த ஒருவர் கையில் மூன்று குழந்தைகளின் படம் மட்டுமே இருந்தது. படத்தை அச்சிட வழியில்லாததால் பத்திரிகைகள் அதை வார்த்தையில் வர்ணித்தன: மூத்த பையனின் மேல்சட்டையும் தங்கையின் கவுனும் ஒரே துணி. நியூயார்க் மாநிலத்தில் இருந்த மனைவி அதை வைத்தே இறந்தவர் தன் கணவர் ஏமோஸ் ஹியூமிஸ்டன் என்று அறிந்தார்.

போர் முடிந்ததும், போரில் காயம்பட்டவர்களைக் கவனித்த கிளாரா பார்ட்டன் என்ற பெண் காணாமல் போனவர்களின் பெயர்ப் பட்டியலை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பி, கண்டவர்கள் எழுதும்படி கேட்டார். வந்த கடிதங்கள் 63,000க்கு மேல். சுமார் 22,000 பேரின் கதி தெரிந்தது.