பயிற்சிக்குப் பின் வருமானம் கூடினால் அது திட்டத்தின் பலன்தானா?

வேலைப் பயிற்சி முடித்தவர்களின் சராசரி வருமானம் ஓராண்டில் கூடியிருக்கிறது, இதைத் திட்டத்தின் பலன் என்று அறிக்கையில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியே எழுதாதீர்கள்.

வருமானம் சரிந்த நேரத்தில்தான் பலரும் இப்படிப்பட்ட பயிற்சிக்கு வருகிறார்கள். அந்தப் பள்ளத்திலிருந்து கணக்கைத் தொடங்கினால், பயிற்சி இல்லாமலே ஏறியிருக்கக்கூடிய பங்கும் உங்கள் பெயரில் வரவாகிவிடும். பொருளாதார அறிஞர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் 1978-இல் இதைக் கவனித்து எழுதினார். 'ஆஷன்ஃபெல்டர் சரிவு' என்றே இதற்குப் பெயர்.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் உங்களிடம் இருக்கும் புதையல்: நேர்காணலில் 60 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வாங்கியவர்களை மட்டும் சேர்த்திருக்கிறீர்கள். சரி, 58, 59 வாங்கி வெளியே நின்றவர்களைத் தேடிப் பிடியுங்கள். அவர்களுக்கும் 60, 61 வாங்கியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இன்று இரு தரப்பின் வருமானத்திலும் தெரியும் இடைவெளி, பெரும்பாலும் பயிற்சி தந்தது. ஆள் போதாவிட்டால் 55 முதல் 64 வரை விரிக்கலாம்; அப்போது மதிப்பெண் ஏற ஏற வருமானமும் ஏறும் போக்கைத் தனியே கழிக்க வேண்டும்.

ஒரு சிக்கல். தெரிந்தவர் என்று யாராவது 59-ஐ 60 ஆக்கியிருந்தால் ஒப்பீடே கெட்டுப்போகும். 60-இல் மட்டும் கூட்டம் அதிகமா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், பாதியில் நின்றவர்களையும் சேர்ந்தவர்கள் கணக்கிலேயே வையுங்கள். அவர்களை விட்டுவிட்டால் மிஞ்சுவது விடாமுயற்சிக்காரர்கள் மட்டும்தான்.