செஞ்சிக்கு ஓவிய ஈசல் எதற்கு?

கேள்வி: நீர்வண்ண ஓவியம் கற்றுவருகிறேன். செஞ்சிக் கோட்டையில் உட்கார்ந்து வரைய ஆசை. அலுமினிய ஈசலும் (ஓவியப் பலகையைத் தாங்கும் கால்சட்டம்) அதில் பொருத்தும் சிவப்புக் குடையும் சேர்த்து இணையத்தில் 6,500 ரூபாய் சொல்கிறார்கள். வெயில், காற்று, குரங்குத் தொல்லை எல்லாம் இருக்கிறதே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வெயிலுக்கென்று வாங்கும் அந்தக் குடையைக் காற்று சும்மா விடாது. கோட்டையின் ராஜகிரிக் குன்று சுமார் 800 அடி உயரம். மேலே ஒரு வீச்சு வந்தால் குடை ஈசலையும் இழுத்துக்கொண்டு சாயும். கல் நிரப்பிய பையை நடுவில் தொங்கவிடலாம்தான். பாறைச் சரிவில் மெலிந்த அலுமினியக் கால்களை நம்ப முடியாது. தவிர, சிவப்புத் துணியின் கீழ் வெள்ளைத் தாளும் சிவக்கும். அங்கே சரியாகத் தெரிந்த நிறம் வீட்டில் வேறாகத் தெரியும். குடை வாங்கியே தீருவதென்றால் உட்புறம் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கட்டும்.

இன்னொன்று, இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். முக்காலி வைத்துப் படமெடுக்கவே முன்அனுமதி கேட்பார்கள். ஈசல் வேறு, கேமரா முக்காலி வேறு என்று வாசலில் வாதாடுவானேன்? ஒட்டுப்பலகைக் கடையில் ஏ3 அளவில் ஒரு துண்டு, நான்கு மூலைக்கும் கிளிப். மடியில் வைத்து வரையலாம். அடிவாரத்தில் கல்யாண மகாலை ஒட்டி நிழல் பார்த்து உட்காருங்கள். அங்கிருந்து அண்ணாந்து பார்க்கும் குன்றுதான் என் கண்ணுக்கு அழகு. மிச்சமாகும் பணத்தில் நல்ல பருத்தித் தாளும் சிறிய தெளிப்புப் புட்டியும் வாங்குங்கள். வெயிலில் வண்ணம் பரவுவதற்குள் காய்ந்துவிடும். தாளின் பின்பக்கத்தையும் நனைத்துக்கொண்டால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

குரங்குக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பாலித்தீன் பை என்றாலே தின்பண்டம் என்று அவற்றுக்குத் தெரியும். வண்ணங்களை ஜிப் வைத்த துணிப்பையில் வையுங்கள், சாப்பாட்டை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். தேன் கலந்த வண்ண வகைகளும் விற்கின்றன. வெளியிடத்தில் எறும்பு மொய்க்கும், உறையைப் படித்து வாங்குங்கள். 'டீட்' என்ற ரசாயனம் உள்ள கொசு விரட்டி பிளாஸ்டிக் தட்டை இளக்கிவிடும். அதைப் பூசிய கையால் தாளைத் தொட்டால் அந்த இடத்தில் வண்ணம் சரியாக ஒட்டாது.

கேள்வி: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) என்று அச்சிட்ட தாள்கட்டை ஊட்டிக்கு எடுத்துப்போனேன். தண்ணீர் பட்டதும் அப்பளமாக நெளிந்துவிட்டது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அந்தக் கணக்குப்படி 300 ஜிஎஸ்எம் தாள் பத்து, சுமார் 187 கிராம் இருக்க வேண்டும். 150 கிராம்தான் என்றால் தராசோடு படமெடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எடை சரியாக இருந்தால் குற்றம் கடைக்காரருடையதல்ல. பனிமூட்டத்தில் ஈரம் காயாமல் தேங்கினால் கனத்த தாளும் நெளியும். நான்கு பக்கமும் ஒட்டிய பிளாக் வடிவத் தாளாக வாங்குங்கள்.