ஏற்காடு ஏரியில் எடுத்த படத்தில் மூடுபனி சாம்பலாக வருகிறதா?

கேமராவின் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/- அமைப்பு) +1-க்கு ஏற்றுங்கள், வெள்ளை திரும்பிவிடும். எதைக் காட்டினாலும் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் நடுச்சாம்பலாகவே கணக்குப் போடும். ஃபிரேம் முழுக்கப் பனி என்றால் தானாகவே இருட்டடித்துவிடும்.

ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமை (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். மேடு நடுவிலேயே நின்றால் இன்னும் 1/3 கூட்டுங்கள், வலது ஓரத்தில் முட்டினால் இறக்குங்கள். சூரியன் ஃபிரேமுக்குள் வந்துவிட்டால் இந்த +1 செல்லாது. 0 அல்லது -1, அதுவும் ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு).

திருத்தியும் படம் முழுக்கப் புகைந்தே இருந்தால் லென்ஸ்தான். செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் முகப்பில் பொடித்துளிகள் தெரியும். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுங்கள் (சட்டை நுனி வேண்டாம்).

படகிலிருந்து எடுப்பதானால் ட்ரைபாட் சுமை மட்டுமே. படகு ஆடினால் அதுவும் சேர்ந்து ஆடும். ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 800-க்கு ஏற்றி, ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்குக் கீழே விடாதீர்கள். ஃபோகஸைப் பனியில் தேடவிடாமல் கரைமரத்தின் விளிம்பில் பூட்டுங்கள்.