தாளிப்புக்கு அலறும் அலாரம்: புகை, வெப்ப டிடெக்டர் பற்றி வாசகர் கேள்விகள்

ஸ்மோக் டிடெக்டர் பற்றி எங்களுக்கு வந்த கடிதங்களில் அடிக்கடி தென்படும் வரி இது: "சும்மா சும்மா அடிக்கிறது, கழற்றி வைத்துவிட்டோம்." கழற்றி வைப்பதுதான் எங்களுக்குக் கவலை. காரணமில்லாமல் அடிக்கும் அலாரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது தவறான இடம், தவறான வகை, அல்லது உள்ளே சேர்ந்த தூசி. மூன்றையும் சரிசெய்ய முடியும்.

சமையலறை சீலிங்கில் ஸ்மோக் அலாரம் மாட்டினோம். மிளகாய் தாளித்தாலே அலறுகிறது. பேட்டரியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டோம். அதன் உணர்திறனைக் குறைக்க வழி உண்டா?
(வாசகி, வேளச்சேரி)

வீட்டு அலாரங்களில் அது தயாரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது, நாம் திருகிக் குறைக்க முடியாது. உங்கள் கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது. இடம்தான் தப்பு.

அலாரத்துக்குள் வெளி வெளிச்சம் புகாத ஒரு கறுப்பு அறை இருக்கிறது. அதில் ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி.யும் ஓர் ஒளி உணரியும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காதபடி பொருத்தப்பட்டிருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறி உணரி மேல் விழும், உடனே அலாரம் அடிக்கும். தாளிப்பில் எழும் எண்ணெய்ப் புகையும் இட்லிப் பானையின் ஆவியும் ஒளியை அதே மாதிரிதான் சிதறடிக்கின்றன. அந்த உணரிக்கு வித்தியாசம் தெரியாது.

சமையலறைக்கு ஏற்றது ஹீட் டிடெக்டர். அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, குறிப்பிட்ட வெப்பநிலையைத் தொட்டால் அடிப்பது. பொதுவாக 57 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். இன்னொன்று, வெப்பம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 டிகிரிக்கு மேல் ஏறினால் அடிப்பது. கொதிக்கும் பானையைத் திறந்ததும் மேலே போகும் சூடு இரண்டாவது விதத்தை ஏமாற்றிவிடும். அதனால் சமையலறைக்கு முதல் விதத்தையே கேட்டு வாங்குங்கள். அடுப்புக்கு நேர் மேலே மாட்ட வேண்டாம்.

ஆனால் ஹீட் டிடெக்டர் தாமதமாகத்தான் விழிக்கும். சீலிங் அந்தச் சூட்டை எட்டும் அளவுக்குத் தீ வளர்ந்திருக்க வேண்டும். ஆகவே வீட்டில் அது மட்டும் போதாது. இப்போதுள்ள ஸ்மோக் அலாரத்தை அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி, படுக்கையறைக்குப் போகும் வழியில் மாட்டுங்கள். இடம் மாற்ற ஒரு வாரம் ஆகுமென்றால், அதுவரை பழைய இடத்திலேனும் பேட்டரியோடு இருக்கட்டும். தாளிக்கும்போது அடித்தால் அதிலுள்ள நிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள். பல மாடல்களில் சுமார் 10 நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு அதுவே மறுபடி காவலுக்கு வந்துவிடும்.

எங்கள் படுக்கையறை 10க்கு 12 அடி. நடுவில் சீலிங் ஃபேன், ஒரு சுவரில் ஏ.சி. அலாரத்தை எங்கே மாட்டுவது?
(வாசகர், கோவை)

நம் ஊர் வீடுகளுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சீலிங்கின் நடுப்பகுதி நல்லது என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள். நம் வீட்டில் நடுவில் ஃபேன்தான் இருக்கும். ஓடும் ஃபேன் புகையைக் கலைத்துக் கீழே தள்ளிவிடும். இறக்கை நுனியிலிருந்து 90 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் விடுங்கள். சுவரும் சீலிங்கும் கூடும் மூலையில் காற்று நகராமல் நிற்பதால் புகை அங்கே கடைசியாகத்தான் வந்து சேரும்.

உங்கள் அறைக்கே கணக்குப் போடலாம். சாதாரண ஃபேன் 1200 மில்லிமீட்டர் வீச்சு, அதாவது நடுவிலிருந்து நுனிவரை 60 சென்டிமீட்டர். அதோடு 90 சேர்த்தால் 150. அகலவாட்டில் நடுவிலிருந்து சுவருக்கே 152 சென்டிமீட்டர்தான், அங்கே இடமில்லை. நீளவாட்டில் 183. சுவருக்கு 30 விட்டால் 150லிருந்து 153க்குள் நூலிழை இடம். மூலையை நோக்கிக் குறுக்காகப் போனால் இடம் தாராளம்: இரண்டு சுவரிலிருந்தும் 30 சென்டிமீட்டர் விட்ட புள்ளி ஃபேன் நடுவிலிருந்து கிட்டத்தட்ட 196 சென்டிமீட்டரில் வரும். ஏ.சி. காற்று நேராக அடிக்காத மூலையாகப் பார்த்து, அந்தக் குறுக்குக் கோட்டில் 170 அளவில் குறியிடுங்கள். குளியலறைக் கதவிலிருந்தும் 90 சென்டிமீட்டர் தள்ளியிருக்கட்டும், வெந்நீர் ஆவி தொந்தரவு தராது.

சீலிங்கில் வழியே இல்லையென்றால் சுவரில், சீலிங்கிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டர் கீழே மாட்டலாம். அதற்கு அந்த மாடல் ஏற்றதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் வேலை அரை மணி நேரம்தான். முதலில் பேஸ் தட்டை (கருவியைத் தாங்கும் அடித்தட்டு) வைத்து இரண்டு ஓட்டைகளைக் குறியுங்கள். கான்கிரீட்டாக இருந்தால் சுத்தியல் டிரில்லில் 6 மில்லிமீட்டர் பிட் போட்டு 35 மில்லிமீட்டர் ஆழம் துளையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தலைக்கு மேல் துளைக்காதீர்கள். தூசியெல்லாம் அடங்கிய பிறகே அலாரத்தை உறையிலிருந்து எடுங்கள். துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக், பேஸ், ஸ்க்ரூ, பிறகு பேட்டரி, கடைசியில் கருவியைத் திருகிப் பூட்டுதல். சில மாடல்களில் பேட்டரி இல்லாமல் மூடியே பூட்டாது. அதை உடைத்துப் பூட்ட முயல வேண்டாம், வெறும் கூடு சீலிங்கில் தொங்கக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங்காக இருந்தால் வெறும் ஜிப்சத்தில் ஸ்க்ரூ நிற்காது, மேலே போகும் இரும்புச் சட்டத்தில் பிடிமானம் தேடுங்கள், அல்லது ஜிப்சம் பலகைக்கென்றே விற்கும் பிளக் வாங்குங்கள்.

இன்னொன்று. வீட்டு அலாரத்தின் சத்தம் 3 மீட்டரில் சுமார் 85 டெசிபல். கதவைச் சாத்தி ஏ.சி. போட்டுத் தூங்குபவருக்கு, ஹாலில் அடிப்பது அந்த அளவில் கேட்காது. கதவு சாத்தும் ஒவ்வோர் அறைக்கும் ஒன்று, வெளியே ஒன்று என்று வையுங்கள். ஒன்று அடித்தால் எல்லாம் சேர்ந்து அடிக்கும் கம்பியில்லா மாடல்கள் கிடைக்கின்றன. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அந்தச் செலவு அவசியம் என்பதே எங்கள் கருத்து.

விடியற்காலை 3 மணிக்கு நிமிடத்துக்கு ஒரு முறை 'கீச்' என்கிறது. பகலில் நின்றுவிடுகிறது. பூச்சியா, பழுதா?
(வாசகர், திருநெல்வேலி)

பேட்டரி தீரப்போகிறது. 30 முதல் 60 விநாடிக்கு ஒரு சிறு சத்தம் வந்தால் அர்த்தம் அதுதான். தீ அலாரம் இப்படி விட்டுவிட்டு முனகாது, உரக்கத் தொடர்ந்து அடிக்கும். விடியலில் அறை குளிரும்போது பேட்டரியின் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும், வெயில் ஏறியதும் மீளும். பகலில் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

9 வோல்ட் பேட்டரி என்றால் ஆல்கலைன் அல்லது கையேட்டில் சொன்ன லித்தியம் மட்டும் போடுங்கள். விலை குறைந்த சாதா பேட்டரியும் ரீசார்ஜ் பேட்டரியும் இதற்கு ஆகாது. போட்டதும் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். புதிது போட்டும் கீச்சென்றால், பேட்டரியைக் கழற்றி டெஸ்ட் பொத்தானை 15 விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு மறுபடி போடுங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் பின்பக்கம் அச்சிட்ட தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 10 ஆண்டு தாண்டிய ஸ்மோக் அலாரத்தை மாற்றிவிட வேண்டும், நீங்கள் வாங்கிய தேதி இதில் கணக்கில்லை.

ஊதுபத்தி காட்டிச் சோதித்தால் போதுமா?
(வாசகி, மதுரை)

வேண்டாம். ஊதுபத்திப் புகையில் உள்ள எண்ணெய்ப் பசை உள்ளறையில் படியும், அதில் தூசி ஒட்டும், சில மாதத்தில் காரணமில்லாமல் அடிக்க ஆரம்பிக்கும். மாதம் ஒரு முறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். அது மின்சுற்றையும் பேட்டரியையும் ஒலிப்பானையும் சோதிக்கும். புகை உள்ளே போகும் வழி அடைத்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்கென்று ஸ்மோக் டிடெக்டர் டெஸ்ட் ஸ்ப்ரே விற்கிறது. டப்பாவில் சொன்ன தூரத்திலிருந்து ஓரிரு விநாடி அடித்தால் போதும், நனைய நனைய அடிக்காதீர்கள். ஹீட் டிடெக்டருக்கு ஹேர் டிரையர் காட்டலாம், ஆனால் உருகும் உலோகம் வைத்த பழைய வகையைச் சூடுகாட்டிச் சோதித்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

சாம்பிராணியும் கொசுவத்திச் சுருளும் தினமும் உள்ள வீட்டில், அலாரம் பூஜை அறைக்கு நேரே வெளியே இருக்க வேண்டாம். பாலித்தீன் பையால் மூடும் பழக்கத்தையும் விடுங்கள். மூட நினைவிருக்கும், எடுக்க நினைவிருக்காது.

எறும்பு உள்ளே போய்விட்டது. மருந்து அடிக்கலாமா?
(வாசகர், நாகர்கோவில்)

அடித்தால் அலாரம் அடிக்கும், உணரியும் கெடும். வாக்குவம் கிளீனரின் மென்மையான தூரிகையை ஓரத்துத் துவாரங்களில் சுற்றி ஓட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் ஒட்டடையும் சேராது. வெளிக்கூட்டை உலர்ந்த துணியால் துடையுங்கள். பெயின்ட் அடிக்க வருபவர் அதன் மேலேயும் ஒரு கோட் அடித்துவிட்டால் துவாரம் அடைத்துவிடும், அதை மாற்றுவதுதான் வழி.

எங்கள் அடுக்ககத்தின் ஃபயர் பேனலில் 'ஃபால்ட்' விளக்கு மாதக்கணக்கில் எரிகிறது. வாட்ச்மேன் ஒலியை நிறுத்திவிட்டுப் போகிறார். அவசரமா?
(குடியிருப்போர் சங்கச் செயலாளர், பெரும்பாக்கம்)

அவசரம். பேனல் என்பது கட்டடத்தின் டிடெக்டர்களைக் கண்காணிக்கும் பெட்டி. சாதாரண பேனலில் ஒரு ஸோனின் (ஒரு மாடி போன்ற ஒரு பகுதியின்) டிடெக்டர்கள் எல்லாம் ஒரே ஜோடி ஒயரில் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருக்கும். கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும். பேனல் அதன் வழியே எப்போதும் சிறு மின்சாரத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். டிடெக்டர் புகையை உணர்ந்தால் அந்த மின்சாரம் கூடும், அது 'ஃபயர்'. ஒயர் அறுந்தால் மின்சாரம் நிற்கும், அது 'ஃபால்ட்'. அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள எந்த டிடெக்டரும் அந்த நேரத்தில் பேனலோடு பேசவில்லை என்று பொருள்.

முதலில் ஸோன் முழுதும் நடந்து பாருங்கள். பெயின்ட் வேலைக்குக் கழற்றிய டிடெக்டர் பேஸில் திரும்ப மாட்டப்படாமல் இருக்கலாம். ஏ.சி. அல்லது இன்டர்நெட் ஆட்கள் துளையிட்டபோது கேபிள் வெட்டுப்பட்டிருக்கலாம். கட்டுமானத்தின்போது போட்ட தூசி மூடி இன்னும் மாட்டியபடி இருந்தால் ஃபால்ட் காட்டாது, ஆனால் அந்த டிடெக்டர் குருடுதான். அதையும் எடுங்கள்.

இங்கே ஒரு மோசடியைச் சொல்லியாக வேண்டும். ஃபால்ட் எங்கே என்று தேடச் சோம்பி, ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே மாட்டிவிடும் ஆட்கள் உண்டு. விளக்கு அணைந்துவிடும். அதன் பிறகு மாடி முழுவதும் ஒயர் அறுந்தாலும் பேனல் 'எல்லாம் நலம்' என்றே காட்டும். சரிபார்க்க எளிய வழி: கடைசி டிடெக்டரைப் பேஸிலிருந்து கழற்றுங்கள். ஃபால்ட் வர வேண்டும். வராவிட்டால் கேள்வி கேளுங்கள். நடுவில் கிளை பிரித்து ஒயர் இழுத்திருந்தாலும் இதே கோளாறுதான், அந்தக் கிளையைப் பேனல் கண்காணிக்காது.

பல பேனல்களில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். பேனலுக்கு வரும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஹூட்டரை (எச்சரிக்கை ஒலிப்பானை) அடித்துப் பாருங்கள். உடனே முனகி நின்றால் பேட்டரி செத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கால்வாசி டிடெக்டர்களை ஸ்ப்ரே அடித்துச் சோதித்தால் ஆண்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும். சோதிக்கும்போது பேனல் காட்டும் ஸோனும் நீங்கள் நிற்கும் மாடியும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஐந்தாம் மாடியில் அடித்தால் மூன்றாம் மாடி என்று காட்டும் பேனல், தீயணைப்பு வீரர்களைத் தப்பான மாடிக்கு அனுப்பும். தேதி, டிடெக்டர் எண், முடிவு மூன்றையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஐ.எஸ். 2189 என்ற இந்தியத் தரத்தின்படி என்று குறிப்பிடச் சொல்லுங்கள்.

தகரக் கூரைக் குடோன், உள்ளே பஞ்சுக் கழிவு. மே மாதத்தில் ஹீட் டிடெக்டர் தானாக அடிக்கிறது.
(வாசகர், ஈரோடு)

தகரத்துக்கு அடியில் கோடை மதியத்தில் காற்று 57 டிகிரியை நெருங்கிவிடும். மே மதியத்தில் டிடெக்டர் இருக்கும் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டிப் பாருங்கள். டிடெக்டரின் அளவு அதைவிட 11 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். பெரும்பாலும் 78 அல்லது 90 டிகிரி வகைதான் உங்களுக்கு ஒத்துவரும். சூடு வேகமாக ஏறினால் அடிக்கும் வகை வேண்டாம்.

பஞ்சுக் கழிவு கொழுந்து விடாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அந்தப் புகைக்கு வேகமோ சூடோ போதாது, கூரைக்குக் கீழே நிற்கும் வெப்பக் காற்றில் மோதிப் பாதியிலேயே பரவி நின்றுவிடும். அதனால் ஸ்மோக் டிடெக்டரையும் கூட்டிக்கொள்ளுங்கள், கூரையோடு ஒட்டாமல் கீழே இறக்கித் தொங்கவிடுங்கள். எவ்வளவு இறக்குவது என்பது கூரையின் உயரத்தைப் பொறுத்தது, இடத்தைப் பார்த்துக் கணக்கிடக்கூடிய ஆளை அழையுங்கள்.

பழைய அலுவலகத்தில் கழற்றிய டிடெக்டர்களில் கதிரியக்கக் குறி இருக்கிறது. குப்பையில் போடலாமா?
(வாசகர், சென்னை)

போடாதீர்கள், உடைக்கவும் கூடாது. இவை அயனி வகை. உள்ளே மிகச் சிறிய அளவில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. கூடு உடையாதவரை பக்கத்தில் இருப்பதால் ஆபத்தில்லை. ஆனால் அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 432 ஆண்டுகள், குப்பைமேட்டில் எரித்தால் காற்றில் கலக்கும். இந்தியாவில் இவற்றை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கட்டுப்படுத்துகிறது. எண்ணி, பெட்டியில் பூட்டி, விற்ற அல்லது தயாரித்த நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

சிங்கப்பூரில் பெற்றோர் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறார்கள். அங்கே இது கட்டாயமா?
(வாசகி, தஞ்சாவூர்)

2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயம். தீயணைப்புப் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் மாற்று வேலை செய்யும் பழைய வீடுகளுக்கும் அப்படியே. மற்றப் பழைய வீடுகளுக்குக் கட்டாயமில்லை, ஆனால் மாட்டலாம். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் இடையில், வெளியேறும் வழியில் ஒன்று மாட்டச் சொல்லுங்கள். பத்தாண்டு பேட்டரி உள்ளேயே அடைத்த மாடலாக இருந்தால் ஏணி ஏறும் வேலை அவர்களுக்கு மிச்சம்.

சிலிண்டர் கசிந்தால் ஸ்மோக் டிடெக்டர் அடிக்குமா?
(வாசகி, சேலம்)

அடிக்காது. சமையல் எரிவாயு புகையுமில்லை, சூடுமில்லை. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவும். அதற்குத் தனியாகக் கேஸ் டிடெக்டர் வேண்டும், தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் மாட்ட வேண்டும். அது அடித்தாலோ வாடை வந்தாலோ எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போட்டிருப்பதை அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்த பிறகு 101 எண்ணை அழையுங்கள்.